நின்ற நேரம்

பதினொரு கிலோமீற்றர்தான்.
சனிக்கிழமை. ஒன்பதுக்கு நான் கடை திறக்கவேண்டும்.
றிஸ்லானுக்கு அதற்கும் முந்தியே
மாமியாரை ஏறாவூரில் கண் டொக்டரிடம் காட்டவேண்டும்.
இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது
இந்த விடியல்.

கரடியனாற்றில்
இன்னும் திறக்காத தேத்தண்ணிக் கடை வாங்கில்
சைக்கிளைச் சாய்த்து
டயரில் கொஞ்சம் காற்று இறக்கினோம்.
மணலுக்கு டயர் மெத்தென்று இருக்கவேணுமாம்.
என்னுடையது, கொழும்பில் யாரோ ஒரு கனவான்
முழங்கால் நொந்து விற்றது.
இருபத்தொரு கியர். ஏழு வேலை செய்யும்.
அந்த ஏழில் நான் நம்புவது மூன்றை.

தார் முடிகிற இடத்தில் ஓரடிப் பள்ளம்.
விழுந்தால் காடு.

முதலில் வட்டை ஓரம், வாய்க்கால் கட்டு,
ஒரு கைப்பிடி அகலம்.
இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் மின்வேலி,
நடுவில் என் வாழ்நாள் முழுவதும்.
பரணில் காவல் இருந்த பொடியன்
போர்வைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டி
"விசரா உங்களுக்கு?" என்றான்.
மறுமொழி சொல்ல மூச்சு இல்லை.

மறுகா மரங்கள்.
பாலை பழுத்த மாதம்;
தடம் முழுக்க மஞ்சளாய்ச் சிந்திக் கிடந்தது,
டயரில் ஒட்டி, ஒட்டி,
சக்கரம் சப்புக்கொட்டிக்கொண்டே போயிற்று.
சூரை என் சட்டைக் கையைப் பிடித்து
ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டது.
வேர் ஒன்று, வேர் இரண்டு, கல்,
பின்பக்கத்தைத் தூக்கு, பிரேக்கைத் தொடாதே,
தொட்டுவிட்டேன்,
விழவில்லை.
கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை.
இலைகள் வாய்மூடி இருந்தன.

ஆறு என்று சொல்லக்கூடாது இப்போது.
மாரியில் பாலத்தை விழுங்கும் அதே ஆள்தான்,
ஆடியில் மணலை விரித்துப் படுத்துவிட்டது.
கரை மருதங்கள் மட்டும்
தண்ணீர் இருக்கிறது என்றே நினைத்து
குனிந்தபடி.

றிஸ்லான் கையை உயர்த்தினான்.
பெயரைச் சொல்லவில்லை.
"ஆள் நிக்கிது."

அறுபது பாகம் இருக்கும்.
ஒற்றைக் கொம்பன்.
முன்காலால் மணலைத் தோண்டி
ஊறும்வரை காத்து நின்றது.
எங்களுக்குப் பின்னால் போகவும் வழியில்லை:
சரளையில் சக்கரம் கிறுகினால் சத்தம்.
"அசையாத மனே."
மருதத்தின் பட்டையோடு பட்டையாக நின்றோம்.
என் சைக்கிளின் செயின் மட்டும்
டிக்,
கொஞ்சம் விட்டு
டிக்,
சூடு ஆறிக்கொண்டிருந்தது.
அதை விரலால் பொத்தினேன்.

ஊறிய குழியில் துதிக்கை இறங்கியது.
குடிக்கும் ஓசை,
காலிப் பீப்பாவுக்குள் யாரோ
மெல்லப் பேசுகிற மாதிரி.
பிறகு இடது காதுக்குப் பின்னே
பழைய வெடிக்காயம் ஒன்றைக் கண்டேன்.
அதில் மணல் அள்ளிப் போட்டது.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
எங்களைக் கண்டதா தெரியாது.
கண்டிருக்கும்.
இரண்டு பேர், நாலு சக்கரம், ஒரு ஆபத்தும் இல்லை
என்று கணக்குப் பார்த்திருக்கும்.

போன பிறகும் நின்றோம்.
றிஸ்லான் ஏதோ ஓதினான்.
நான் பாலைப்பழம் ஒன்றை வாயில் போட்டு
விழுங்க மறந்தேன்.

திரும்பியது வேறு வழி,
வேறு வேகம்,
கியரெல்லாம் வேலை செய்தது.

வீட்டில் போனைத் திறந்தேன்.
ஓடிய நேரம்: நாற்பத்தாறு நிமிடம்.
நின்றால் தானாகவே கழித்துவிடும்
அந்தச் செயலி.
ஆற்றங்கரையில் என் கோடு
ஒரு புள்ளியாகக் குத்தி, நகர்ந்திருந்தது;
அவ்வளவுதான்.
றிஸ்லான் அழைத்தான்: நம்பர் தவறிவிட்டது,
மாமி பேசுவதை நிறுத்தவில்லை,
அடுத்த கிழமையும் வாறியா?

ஒன்பதே காலுக்கு
யாருடையதோ அடையாள அட்டையை
மெசினில் வைக்கக் குனிந்தபோது
சப்பாத்திலிருந்து ஆறு கொஞ்சம் கொட்டிற்று.
"கடைக்குள்ள என்ன தம்பி மண்?" என்றார் வந்தவர்.

கறுப்பு வெள்ளையா, கலரா
என்று கேட்டேன்.